எது மாறும், எது மாறாது: ஃபயர்வால் கட்டளைகளுக்கு வார்ப்புரு எழுதிக் கற்றவை

கத்திரி வெயில் தொடங்கியிருந்த ஒரு மே மாதப் பிற்பகலில், வேலூர் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே, வாணியம்பாடியில் இருக்கும் ஒரு ஃபயர்வாலுக்குள் இனி எவரும் நுழைய முடியாதபடி நானே செய்துவிட்டேன். ஃபயர்வால் என்பது உள் வலையமைப்புக்கும் இணையத்துக்கும் நடுவே நின்று, எது போகலாம், எது கூடாது என்று பார்க்கும் கருவி. செய்ய நினைத்தது மிகச் சிறிய வேலை. கண்காணிப்பு மென்பொருள் அந்தக் கருவிக்கு அவ்வப்போது பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனைச் செய்தி) அனுப்பி, அது இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காக உள்பக்க இன்டர்ஃபேஸில் (வலையமைப்பு வந்து இணையும் முனையில்) பிங்கை அனுமதிக்கும் ஒரு வரியை வார்ப்புருவில் (கிளைக்குக் கிளை மாறும் இடங்களை மட்டும் காலியாக விட்ட பொதுக் கட்டளைக் கோப்பில்) எழுதி, பைத்தான் நிரல் வழியாக ஒவ்வொரு கிளைக்கும் அனுப்பத் தொடங்கினேன். வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் என்று மூன்று கிளைகள் முடிந்த பிறகு, முதல் கருவியில் மறுபடி உள்நுழைய முயன்றபோதுதான் அது முடியவில்லை என்று தெரிந்தது. உடனே நிரலை நிறுத்தினேன். பட்டியலில் இன்னும் 20 கிளைகள் மீதம் இருந்தன.

காரணம் ஒரே ஒரு சொல். ஃபோர்டிகேட் வகை ஃபயர்வாலில் 'செட்' என்ற கட்டளை, பட்டியலாக இருக்கும் ஓர் அமைப்பில் புதியதைச் சேர்ப்பதில்லை. இருப்பதை எடுத்துவிட்டு, நாம் கொடுத்ததை மட்டும் வைக்கிறது. சேர்ப்பதற்கு 'அப்பெண்ட்' என்று தனிக் கட்டளை உண்டு. எந்த வழிகளில் கருவியை அணுகலாம் என்று சொல்லும் 'அலோஆக்சஸ்' என்ற வரியில், நிர்வாகி உள்நுழையும் வழிகளான ஹெச்டிடிபிஎஸ், எஸ்எஸ்ஹெச் இரண்டும் ஏற்கெனவே இருந்தன; நான் 'செட் அலோஆக்சஸ் பிங்' என்று அனுப்பியதும் அவை இரண்டும் போய், பிங் மட்டும் நின்றது. இணையப் பக்கத்திலிருந்து நிர்வாக நுழைவை நாங்கள் ஒருபோதும் திறந்து வைப்பதில்லை என்பதால், வேறு வழியும் இல்லை. இதற்கிடையே தொழிற்சாலைகளில் இணையம், விபிஎன் (இணையம் வழியே போகும் மறையாக்கப்பட்ட தனிப்பாதை), பில் போடுவது என எல்லாம் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் கண்காணிப்புத் திரையில் அந்த மூன்று கிளைகளும் பச்சை நிறத்தில் இருந்தன. பிங்தான் போகிறதே!

வண்டியை எடுத்துக்கொண்டு, பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைக் கடந்து, முதலில் ஆம்பூர், அடுத்து வாணியம்பாடி, திரும்பி வந்து கிழக்கே மேல்விஷாரம் என்று இரவு வரை அலைந்து, ஒவ்வோர் இடத்திலும் கன்சோல் கேபிளை (கருவியோடு நேரடியாகப் பேச உதவும் கம்பியை) சொருகி, 9600 வேகத்தில் இணைத்து, அந்த ஒரு வரியைத் திருத்தினேன். வாணியம்பாடியில் கணக்குப் பிரிவில் இருக்கும் பாய், "எல்லாம் நல்லாத்தானே ஓடுது தம்பி, இந்த வெயில்ல எதுக்கு இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்று கேட்டு மோர் கொடுத்தார். உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. "சும்மா ஒரு செக்கிங், பாய்" என்றேன்.

அதுவரை வார்ப்புருவை நான் நேரத்தை மிச்சப்படுத்தும் ஒரு வசதி என்று மட்டுமே நினைத்திருந்தேன். பேச்சில் நாங்கள் டெம்ப்ளேட் என்றுதான் சொல்வோம். அதற்கும் முன்பு இருந்த வழக்கம் இன்னும் எளியது: பழைய கிளை ஒன்றின் கட்டமைப்பை நோட்பேடில் ஒட்டி, ஐபி முகவரிகளைத் தேடி மாற்றி, புதிய கருவியில் ஏற்றிவிடுவது. அப்படி ஏற்றியதில், ராணிப்பேட்டைக் கிடங்கின் ஃபயர்வால் ஏறத்தாழ ஓராண்டு காலம் பதிவுகளில் தன்னை ஆம்பூர் என்றே அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தது. மாற்ற வேண்டிய இடங்கள் எத்தனை என்று எவருக்கும் தெரியாததே அந்த முறையின் குறை. ஒவ்வொரு முறையும் கண்ணுக்குப் பட்டதை மாற்றினோம். படாதது அப்படியே போயிற்று.

எது மாறும், எது மாறாது என்பதை முன்கூட்டியே முடிவு செய்வதுதான் இந்த வேலையின் சாரம் என்பதை எனக்குப் புரியவைத்தவர் கணினித் துறையைச் சேர்ந்தவர் அல்லர். ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையின் பேட்டர்ன் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்த பெரியவர் அவர். சுவிட்ச் ஒன்றை மாற்றப் போயிருந்த அன்று மின்சாரம் இல்லாததால், அவர் மேசையருகே அரை மணி நேரம் உட்கார வேண்டியிருந்தது. ஒரு ஷூவுக்கு நடு அளவில் ஒரு பேட்டர்ன் வரைந்து, அதிலிருந்து மற்ற சைஸ்களைப் பெருக்கியும் சுருக்கியும் எடுப்பார்கள். ஆங்கில அளவில் ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் நீள வேறுபாடு 8.47 மில்லிமீட்டர், ஐரோப்பிய அளவில் 6.67 மில்லிமீட்டர். ஆனால் எல்லாமே அந்தக் கணக்கில் வளராது என்று அவர் காட்டினார். தையலுக்கு விடும் ஓரம் எல்லா சைஸுக்கும் ஒன்றே. "அதையும் சேர்த்துப் பெருசாக்கிட்டா தைக்கிற பொண்ணு தடுமாறும் தம்பி, அதுக்குக் கை ஒரே கைதானே" என்றார். அதே போல, சிலவற்றைத் தனியாக அளக்க வேண்டியதில்லை, வேறு ஓர் அளவிலிருந்து தாமாகவே வந்துவிடும் என்றும் சொன்னார். மாறாதது, மாறுவது, மாறுவதிலிருந்து தானே பிறப்பது என்ற இந்த மூன்று பகுப்பை அன்று மாலையே எங்கள் கட்டமைப்புக் கோப்பின் மீது வைத்துப் பார்த்தேன்.

அப்போது எங்கள் வார்ப்புருவில் 40-க்கும் மேற்பட்ட மாறிகள், அதாவது கிளைக்குக் கிளை நிரப்ப வேண்டிய இடங்கள், இருந்தன. ஒவ்வொரு கிளைக்கும் 40 கட்டங்களை ஒருவர் கையால் நிரப்ப வேண்டும். அத்தனைக்கும் பிழை நேரலாம். உட்கார்ந்து பார்த்தபோது, அவற்றுள் பெரும்பாலானவை கிளையின் வரிசை எண்ணிலிருந்தே பிறக்கக்கூடியவை என்று தெரிந்தது. கிளை எண் 14 என்றால் ஊழியர் கணினிகள் 10.14.10.0, வருகைப்பதிவுக் கருவியும் கேமராக்களும் 10.14.20.0, விருந்தினர் வைஃபை 10.14.30.0, ஒவ்வொன்றிலும் நுழைவாயில் முகவரி 1 என்று முடியும். இப்படி விதி வகுத்தபின், நிரப்ப வேண்டியவை ஒன்பதாகச் சுருங்கின. மாறிகளைக் கூட்டிக்கொண்டே போவதை வார்ப்புருவின் வளர்ச்சி என்று பலர் எண்ணுகிறார்கள். என் அனுபவத்தில் மாறிகளைக் குறைத்த நாட்களில்தான் வார்ப்புரு முன்னேறியிருக்கிறது.

பெயர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் நாங்கள் அதிகம் பட்டோம். பழைய பெயர்களில் மாவட்டக் குறியீட்டை முன்னால் சேர்த்திருந்தோம். எல்லாக் கிளைகளும் வேலூர் மாவட்டத்தில் இருந்தன என்பதால் அப்போது அது இயல்பாகத் தோன்றியது. 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து, வாணியம்பாடியும் ஆம்பூரும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குள்ளும், ஆற்காடும் மேல்விஷாரமும் ராணிப்பேட்டை மாவட்டத்துக்குள்ளும் போனபோது, பாதிப் பெயர்கள் பொய்யாகிவிட்டன. 1989-இல் வட ஆற்காடு பிரிந்ததைப் பார்த்த ஊர்க்காரர்கள் நாங்கள். இதை முன்பே யோசித்திருக்க வேண்டும். முகவரி, மாவட்டம், துறைத் தலைவர், இணைய நிறுவனம் என்று மாறக்கூடிய எதையும் ஒரு பொருளின் பெயருக்குள் வைக்கக் கூடாது என்ற விதி அப்படித்தான் வந்தது.

அடுத்து நீளம். ஃபோர்டிகேட்டில் இன்டர்ஃபேஸ் பெயருக்கு 15 எழுத்துகள்தான் எல்லை. விபிஎன் சுரங்கமும் ஓர் இன்டர்ஃபேஸாகவே உருவாவதால் அதற்கும் அதே எல்லை பொருந்தும். 'விபிஎன்', ஒரு கோடு, 'வாணியம்பாடி', இன்னொரு கோடு, 'ஒன்று' என்று ஆங்கில எழுத்தில் எழுதினால் 17 வந்துவிடுகிறது. ஆளுக்கொரு விதமாகச் சுருக்கினால் ஒரே ஊருக்கு மூன்று பெயர்கள் உண்டாகும்; உண்டாகியும் இருந்தன. கடைசியில் எங்கள் அலுவலகத்தில் தினமும் அரக்கோணத்திலிருந்து ரயிலில் வரும் ஒருவர்தான் தீர்வு சொன்னார்: ரயில் நிலையக் குறியீட்டையே வைத்துக்கொள்ளலாம். காட்பாடி கேபிடி, ஜோலார்பேட்டை ஜேடிஜே, அரக்கோணம் ஏஜேஜே, வாலாஜா ரோடு டபிள்யூஜேஆர், வாணியம்பாடி விஎன், ஆம்பூர் ஏபி. இந்தப் பகுதியில் ரயிலேறிய எவருக்கும் இவை மனப்பாடம். மாவட்டம் எத்தனை முறை பிரிந்தாலும் இவற்றுக்கு ஒன்றும் ஆகாது. ரயிலே இல்லாத பேரணாம்பட்டு போன்ற ஊர்களுக்கு மட்டும் நாங்களாகக் குறியீடு வைத்தோம்.

மதிப்புகளை எங்கே எழுதி வைப்பது என்பதில் முதலில் எக்செல்லை நம்பினோம். தொழிற்சாலை ஆட்களுக்கும் அது பழக்கம், எங்களுக்கும் பழக்கம். ஆனால் 255.255.255.0 என்ற மாஸ்க்கை (ஒரு வலையமைப்பின் அளவைக் குறிக்கும் எண்ணை) ஒரு கட்டத்தில் எழுதி, மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால், எக்செல் அதைத் தொடர் என்று எண்ணி 255.255.255.1, 255.255.255.2 என்று நிரப்பிக்கொண்டே போகிறது. ஐபி முகவரிக்கு அது உதவி. மாஸ்க்குக்கு அது நாசம். பிறகு, பெயரும் மதிப்புமாக எழுதும் யாமல் என்ற எளிய எழுத்துக் கோப்புக்கு மாறினோம். அங்கே வேறு விதமான வியப்பு காத்திருந்தது. விருந்தினர் வைஃபை இயங்கும் நேரத்தைத் தொடக்கம் 09:00, முடிவு 18:30 என்று எழுதியிருந்தோம். வார்ப்புருவிலிருந்து வெளிவந்த கட்டளையில் தொடக்கம் சரியாக இருந்தது, முடிவு 1110 என்று இருந்தது. பைத்தான் படிக்கும் யாமலின் பழைய இலக்கணத்தில், மேற்கோள் குறி இல்லாத 18:30 என்பது அறுபதின் அடுக்கில் எழுதிய எண். பதினெட்டு அறுபதுகளும் முப்பதும் சேர்ந்து 1110. ஒன்பது மணி மட்டும் தப்பித்ததற்குக் காரணம், முன்னால் இருந்த சுழியம் அதை எண்ணாகக் கருத விடவில்லை. இதே இலக்கணத்தில் மேற்கோள் இல்லாத 'நோ' என்ற சொல்லும் பொய் என்ற மதிப்பாக மாறிவிடும். அன்று முதல் எங்கள் கோப்பில் எந்த மதிப்பும் மேற்கோள் குறி இல்லாமல் நிற்பதில்லை.

இவற்றைவிட ஆபத்தானது, மதிப்பே இல்லாமல் போவது. வார்ப்புரு எழுத நாங்கள் பயன்படுத்தும் ஜிஞ்சா மொழியில், இரட்டை அடைப்புக்குள் எழுதிய மாறிக்கு மதிப்பு கிடைக்காவிட்டால், அது இயல்பாக ஒன்றும் சொல்லாமல் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். ஒரு கிளையில் நிர்வாகியின் 'டிரஸ்ட்ஹோஸ்ட்' வரி அப்படி வெறுமையாகப் போயிற்று. எந்த முகவரியிலிருந்து நிர்வாகி உள்நுழையலாம் என்று கட்டுப்படுத்தும் வரி அது. அரைகுறையான கட்டளையைக் கருவி பிழை என்று தள்ளியது. அடுத்தடுத்த வரிகளை ஏற்றுக்கொண்டது. விளைவாக, கட்டுப்பாடு எதுவும் இல்லாத இயல்பு நிலையே நீடித்தது. எந்த முகவரியிலிருந்தும் முயலலாம் என்பதே அந்த இயல்பு நிலை. மறு மாத ஆய்வில்தான் கண்டோம். அனுமதிக்கும் வரி விழுந்துபோனால் யாராவது தொலைபேசியில் திட்டுவார்கள். தடுக்கும் வரி விழுந்துபோனால் ஒருவரும் அழைக்க மாட்டார்கள். ஜிஞ்சாவில் 'ஸ்ட்ரிக்ட் அன்டிஃபைண்ட்' என்று ஓர் அமைப்பு உண்டு. அதை இட்டுவிட்டால், மதிப்பில்லாத மாறியைத் தொட்டவுடனே நிரல் நின்றுவிடும். வார்ப்புரு எழுதத் தொடங்குகிறவர் முதல் நாளே செய்ய வேண்டியது இது. கூடவே, கருவி திருப்பித் தரும் ஒவ்வொரு பதிலையும் படித்து, பிழைச் சொல் தென்பட்டால் அந்த இடத்திலேயே நிறுத்தும்படி அனுப்பும் நிரலையும் எழுத வேண்டும்.

மாதிரி மதிப்புகளிலும் கவனம் வேண்டும். வார்ப்புருவைச் சோதிக்க வாயில் வந்த பொது முகவரியைப் போட்டால், அது உலகில் எங்கோ ஒருவருடையதாக இருக்கும். 192.0.2.0, 198.51.100.0, 203.0.113.0 ஆகிய மூன்று தொகுதிகளும் ஆவணங்களில் எடுத்துக்காட்டாக எழுதுவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. தவறிப்போய் அவை உண்மைக் கருவிக்குச் சென்றாலும் எவருக்கும் தீங்கில்லை. பார்த்த மாத்திரத்தில் இது மாதிரி மதிப்பு என்றும் தெரிந்துவிடும்.

வரிகளின் வரிசை பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: முகவரிப் பொருள் முதலில், அதை உள்ளடக்கும் குழு அடுத்து, அதைச் சுட்டும் பாலிசி (எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்ற விதி) கடைசியில். ஆனால் பாலிசிகளுக்குள்ளும் ஒரு வரிசை இருக்கிறது. ஃபயர்வால் மேலிருந்து கீழாகப் பார்த்து, பொருந்தும் முதல் விதியோடு நின்றுவிடும். புதிதாகச் சேர்க்கும் பாலிசி பட்டியலின் அடியில் போய் உட்காரும் என்பதால், அதற்கு மேலே பொதுவான தடை விதி ஒன்று ஏற்கெனவே இருந்தால், புதியது இருந்தும் இல்லாததுதான். அதை உரிய இடத்துக்கு நகர்த்தும் 'மூவ்' கட்டளையையும் வார்ப்புருவிலேயே எழுதிவிடுகிறோம்.

எங்கள் கிளைகளில் எல்லாம் ஒரே நிறுவனத்தின் கருவிகள் அல்ல. ஒரு நிறுவனத்துக்கு எழுதியதை இன்னொன்றுக்கு மொழிமாற்றிக்கொள்ளலாம் என்று நான் ஒரு காலத்தில் நம்பினேன். சிஸ்கோ ரவுட்டரின் அணுகல் பட்டியலில் (எதை விடலாம் என்ற விதிகளின் பட்டியலில்) 0.0.0.255 என்று தலைகீழ் மாஸ்க் எழுத வேண்டும். அதே சிஸ்கோவின் ஏஎஸ்ஏ ஃபயர்வாலில் 255.255.255.0 என்று நேர் மாஸ்க் எழுத வேண்டும். ஒரே நிறுவனத்துக்குள்ளேயே இப்படி. பொதுவாக வைக்க வேண்டியது மதிப்புகளின் கோப்பு மட்டுமே. கட்டளைகளின் கோப்பு கருவிக்குக் கருவி தனியாக இருக்கட்டும். அந்தப் பெரியவரின் ஆங்கில அளவும் ஐரோப்பிய அளவும்தான் இது: கால் ஒன்று, அளவுகோல் இரண்டு.

வாணியம்பாடிப் பயணத்துக்குப் பிறகு நான் கருவிகளில் முதலில் தேடுவது, தானே பின்வாங்கும் வழி இருக்கிறதா என்பதைத்தான். ஜூனிப்பர் எஸ்ஆர்எக்ஸ் ஃபயர்வாலில் 'கமிட் கன்ஃபர்ம்ட்' என்று கொடுத்தால், 10 நிமிடத்துக்குள் நாம் மறுபடி உறுதி செய்யாவிட்டால் மாற்றம் தானே நீங்கிவிடும். சிஸ்கோவில் மாற்றத்துக்கு முன் 'ரீலோட் இன் 10' என்று கொடுத்துவிட்டு, எல்லாம் சரியாக இருந்தால் 'ரீலோட் கேன்சல்' செய்து, பிறகே சேமிக்கிறோம்; நாம் வெளியே மாட்டிக்கொண்டால் கருவி மறுதொடக்கமாகிப் பழைய கட்டமைப்போடு எழும். ஃபோர்டிகேட்டிலும் 'சிஎஃப்ஜி-சேவ்' என்ற அமைப்பை 'ரிவர்ட்' என்று மாற்றிவைத்தால் இதே வசதி கிடைக்கும்; இயல்பான காத்திருப்பு நேரம் 600 நொடிகள். அன்று எனக்கு இது தெரிந்திருந்தால், பத்து நிமிடம் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாலே போதும், மோர் குடிக்க 70 கிலோமீட்டர் போயிருக்க வேண்டாம். ஆனால் கருவி மறுதொடக்கமாகும்போது தொழிற்சாலையின் இணையம் சில நிமிடங்கள் நிற்கும் என்பதால், ஷிஃப்ட் மாறும் நேரத்திலோ பில் போடும் நேரத்திலோ இதைச் செய்வதில்லை.

கடவுச்சொற்களும் விபிஎன் சாவிகளும் வார்ப்புருவிலும் இருக்கக் கூடாது, மதிப்புக் கோப்பிலும் வெறுமனே இருக்கக் கூடாது. அன்சிபிள் என்ற தானியக்க மென்பொருளின் வால்ட் பெட்டகத்தில் மறையாக்கம் செய்து வைத்து, அனுப்பும் நொடியில் மட்டும் எடுக்கிறோம். இதில் ஒரு சின்னச் சங்கடம்: தானாக உருவாக்கிய சாவி ஒன்றில் கேள்விக்குறி இருந்தது. கட்டளைத் திரையில் கேள்விக்குறி என்பது உதவி கேட்கும் விசை. எனவே கருவி சாவியை வாங்காமல் உதவிப் பட்டியலை நீட்டியது. அதற்கு முன் கண்ட்ரோல்-வி அழுத்தினால் எழுத்தாகவே ஏறும். நாங்கள் சாவிகளில் கேள்விக்குறியே வராதபடி செய்துவிட்டோம். வேர்ட் கோப்பிலிருந்தோ வாட்ஸ்அப்பிலிருந்தோ எடுத்து ஒட்டும் கட்டளைகளில் நேர் மேற்கோள் குறி வளைந்த மேற்கோள் குறியாக மாறியிருப்பதும் இதே இனம்.

எந்தக் கிளைக்கும் விலக்கே இல்லாமல் போகும் வரிகள் என்று சில உண்டு. 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, கருவிகளின் கடிகாரங்களை தேசியத் தகவலியல் மையம் (என்ஐசி) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு, அல்லது அவற்றின் வழிவந்த சர்வர்களோடு ஒத்திசைக்கவும், பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்கவும் சொல்கிறது. சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கு அது அந்த ஆண்டு செப்டம்பர் 25 முதல் பொருந்தியது. வட்டு இல்லாத சிறிய மாடல்களில் பதிவுகள் நினைவகத்தில்தான் இருக்கும். மின்சாரம் போனால் அவையும் போகும். எங்கள் பக்கத்துக் கோடையில் 180 நாள் என்ன, 18 நாள் தாங்கினாலே பெரிது. எனவே நேர சர்வர் வரிகளும், பதிவுகளை வேலூரில் இருக்கும் சர்வருக்கு அனுப்பும் வரிகளும் அடிப்படை வார்ப்புருவில் மாறிகளே இல்லாமல் நிற்கின்றன.

நிபந்தனை வரிகளில் சிக்கனம் வேண்டும். இணைப்பு பிபிபிஓஇ வகை (பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் வகை) என்றால், ஒரு தரவுப் பொட்டலத்தின் அதிகபட்ச அளவான எம்டியூ 1492 பைட் ஆகிவிடும். அதற்கேற்ப, பொட்டலத்துக்குள் போகும் தரவின் அளவான டிசிபி எம்எஸ்எஸ்ஸை 1452-க்குக் குறைக்கும் வரி அந்தக் கிளைகளுக்கு மட்டும் தேவை. அது இல்லாமல் போனால் பிங் போகும், சிறிய பக்கங்கள் திறக்கும், பெரிய பக்கம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். விபிஎன் சுரங்கத்துக்குள் இன்னும் குறைத்து 1350 வைக்கிறோம். இத்தகைய நிபந்தனை ஒன்றிரண்டு இருப்பதில் தவறில்லை. நிபந்தனைக்குள் நிபந்தனை, அதற்குள் இன்னொன்று என்று மூன்றாவது படிக்கு இறங்கியபோது, எழுதிய எனக்கே ஒரு வாரம் கழித்துப் படிக்க முடியவில்லை. அதை உடைத்து, அடிப்படை, இணைப்பு, விபிஎன், கேமரா என்று சிறு சிறு வார்ப்புருக்களாக்கினோம்.

இனி விலக்குகள். ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பகுதியில் ஓர் அளவைக் கருவி, தன் அளவுகளை மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் சர்வருக்குத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த ஒரு பாதையை மற்ற கிளைகளின் வார்ப்புருவில் சேர்க்கவும் கூடாது, வார்ப்புரு ஓடும்போது அழிக்கவும் கூடாது. இப்படிப்பட்டவற்றைத் தனிக் கோப்பில், யார் கேட்டது, எதற்காக, எப்போது மறுபடி பார்க்க வேண்டும் என்ற மூன்றோடு எழுதி வைக்கிறோம். அவை பாலிசியின் குறிப்பு வரியிலும் ஏறிவிடும். நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்று வேலூரைக் கேலி செய்யும் பழைய பேச்சு ஒன்று உண்டு. கோட்டைக் கோயிலுக்கு 1981-இல் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார். எங்கள் ஃபயர்வால்களிலோ உரிமையாளர் இல்லாத விதிகள் ஏராளமாக இருந்தன. வேலையை விட்டுப்போன யாரோ ஒருவர், எப்போதோ, எதற்காகவோ திறக்கச் சொன்னவை. ஒவ்வொரு விதியும் எத்தனை முறை பயன்பட்டது என்று காட்டும் எண்ணிக்கை மானியை 60 நாட்கள் கவனித்து, அசையாததை முதலில் முடக்கி, பிறகு ஒரு மாதம் கழித்து அழித்தோம். நேராக அழிக்காததற்கு ஒரு காரணம் உண்டு: ஆண்டுக்கு ஒரு முறை தணிக்கையாளர் வரும்போது மட்டும் தேவைப்படும் விதிகளும் இருக்கின்றன.

அனுப்புவதற்கு முன் நாங்கள் செய்வது இப்போது ஒரு சடங்கு போலவே ஆகிவிட்டது. கருவியின் நடப்புக் கட்டமைப்பை ஆக்சிடைஸ்டு என்ற மென்பொருள் தினமும் இரவில் எடுத்து, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் என்ற மென்பொருளில் சேர்க்கிறது. வார்ப்புருவிலிருந்து வந்த கட்டளைகளை அலுவலகத்தில் இருக்கும் உதிரிக் கருவியில் ஏற்றி, முன்னும் பின்னும் உள்ள வேறுபாட்டை எடுத்து, எழுதாத இன்னொருவர் வரி வரியாக வாசிக்கிறார். பிறகு ஒரே வார்ப்புருவை அதே கருவியில் இரண்டாம் முறை ஏற்றுகிறோம். இரண்டாம் முறை எதுவும் மாறக் கூடாது. மாறினால், எங்கோ ஒரு வரி சேர்ப்பதற்குப் பதில் குவிக்கிறது, அல்லது வைப்பதற்குப் பதில் துடைக்கிறது என்று பொருள். ஃபோர்டிகேட்டில் 'எடிட் 0' என்று எழுதிய பாலிசி இரண்டாம் ஓட்டத்தில் இன்னொரு பாலிசியாகப் பிறந்ததை இப்படித்தான் பிடித்தோம். சுழியம் என்பது காலியாக இருக்கும் அடுத்த எண்ணை எடுத்துக்கொள் என்ற கட்டளை. இப்போது ஒவ்வொரு பாலிசிக்கும் நிலையான எண் உண்டு. அதன் பின் ஆற்காட்டில் இருக்கும் சிறு கிடங்கு ஒன்றுக்கு மட்டும் அனுப்பி, வெளியேறி, மறுபடி உள்நுழைந்து பார்த்து, ஒரு நாள் காத்திருக்கிறோம். பச்சை விளக்கை மட்டும் நம்புவதில்லை.

கடந்த மாதம் பேரணாம்பட்டுக் கிளைக்கு எண் 24 கொடுத்து, ஒன்பது மதிப்புகளை நிரப்பி, புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவரே அனுப்பி முடித்தார். குடியாத்தத்துக் கிடங்கில் இருக்கும் பழைய ஏஎஸ்ஏ மட்டும் இன்னும் இந்த முறைக்குள் வரவில்லை. அதில் எந்த வரி எதற்காக இருக்கிறது என்று சொல்லக்கூடிய ஆள் எவரும் இல்லாததால், வார்ப்புருவைக் கொண்டு அதைத் தொட எனக்குத் துணிவில்லை. பக்ரீத் விடுமுறையில் கிடங்கு மூடியிருக்கும்போது அதை மாற்றிக்கொள்ள அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அதுவரை கன்சோல் கேபிள் என் பையிலேயே இருக்கிறது.